ஃபேக்ஸ் சர்வரின் விண்டோஸை மாற்றலாமா? நெல்லை அலுவலகங்களுக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்க மருத்துவமனைகளுக்கும் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கும் நடுவே இன்றைக்கும் ஏராளமான காகிதம் ஃபேக்ஸில்தான் ஓடுகிறது. சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்கும் படிவம், நோயாளியின் பழைய குறிப்புகள், மறுக்கப்பட்ட கிளெய்முக்கு மேல்முறையீடு என்று அதற்கு முடிவே இல்லை. அதனால்தான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அந்த ஊர் டாக்டர்களுக்கு பில்லிங் செய்கிற அலுவலகத்திலும் ஒரு ஃபேக்ஸ் சர்வர் (எல்லாருடைய ஃபேக்ஸையும் வாங்கி அனுப்பும் பொதுக் கணினி) இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய பழைய கிளியரிங் ஏஜென்சிகள் சிலவற்றிலும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நான் அதிகம் பார்ப்பது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 என்ற பழைய பதிப்பு. இரண்டு இடத்திலும் வரும் கேள்வியும் ஒன்றுதான்: "ஃபேக்ஸ் போவுதுல்லா, பொறவு என்னத்துக்கு அண்ணாச்சி துட்ட போடணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. எந்த விண்டோஸ் வேண்டும் என்று பார்ப்பதற்கு முன்னால், ஃபேக்ஸ் லைன் சர்வருக்குள் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். செம்புக் கம்பியில் வந்து சர்வருக்குள் செருகிய ஃபேக்ஸ் கார்டில் நுழைகிறதா, எஸ்.ஐ.பி. ட்ரங்கில் (இன்டர்நெட் வழியாக ஓடும் போன் இணைப்பு) வருகிறதா? முடிவில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

வேகம் கூடாது

சர்வரை மாற்றினால் ஃபேக்ஸ் வேகமாகப் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு முனையும் டி.30 என்ற ஃபேக்ஸ் நெறிமுறையில் பேசி, எந்த வேகத்தில் அனுப்பலாம் என்று தங்களுக்குள் ஒத்துக்கொள்கின்றன. வழக்கமான வி.17 முறையில் உச்சம் நொடிக்கு 14,400 பிட். எதிர்முனையில் பழைய மெஷின் இருந்தால் 9,600. ஐப்பசி கார்த்திகை மழையில் கேபிள் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கி லைன் இரைந்தால் 4,800 வரைக்கும் இறங்கும், நடுவில் அறுந்தும் போகும். உங்கள் சர்வரில் விண்டோஸ் 2012 இருந்தாலும் 2025 இருந்தாலும் இதில் துளி மாற்றம் இராது. லைன்தான் கோளாறு என்றால் லைனைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு எதில்தான் ஆதாயம்? பாதுகாப்பில், மின்னஞ்சலில், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபேக்ஸ் சர்வரை ஒரே இரும்புப் பெட்டியோடு கட்டிப்போட்டிருக்கும் கட்டை அவிழ்ப்பதில்.

தேதிகள்

2012 மற்றும் 2012 ஆர்2 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்பு ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்றே முடிந்தது. காசு கட்டி வாங்கும் கூடுதல் பாதுகாப்புப் பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) 2026 அக்டோபர் 13 வரைதான். நீட்டிப்பு ஆதரவு 2016-க்கு 2027 ஜனவரி 12 வரை. 2019-க்கு 2029 ஜனவரி 9. 2022-க்கு 2031 அக்டோபர் 14. 2024 நவம்பரில் வெளிவந்த 2025 பதிப்புக்கு 2034 வரை.

இதைப் பார்த்த உடனே 2016 என்ற எண்ணத்தைத் தள்ளிவிடலாம். 2019-உம் ஏற்கெனவே லைசென்ஸ் கையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிதாகக் காசு போடுகிறவர் யோசிக்க வேண்டியது 2022-ஐயும் 2025-ஐயும்.

பழைய சர்வரில் ஆபத்து எந்தப் பக்கம்?

உள்ளே வரும் ஃபேக்ஸ் வெறும் படம்தானே, அதில் வைரஸ் எங்கிருந்து வரும் என்று பலர் கேட்கிறார்கள். படத்தைப் பிரித்துப் படிப்பதும் ஒரு மென்பொருள்தான். 2018-இல் செக் பாயின்ட் ஆய்வாளர்கள், போன் லைன் வழியாக ஒரு ஃபேக்ஸை மட்டும் அனுப்பி ஒரு எச்.பி. ஆல்-இன்-ஒன் பிரிண்டரைத் தங்கள் வசமாக்கிக் காட்டினார்கள். எச்.பி. அதைச் சரிசெய்யும் பேட்சையும் வெளியிட்டது. ஃபேக்ஸ் லைனும் ஒரு வாசல்தான் என்பதற்கு அது போதும்.

ஆனால் ஃபேக்ஸ் சர்வரில் நான் அதிகம் அஞ்சுவது வெளியே போகும் பக்கத்தைப் பார்த்து. பணியாளர் வேர்டு கோப்பை மின்னஞ்சலில் இணைத்து ஃபேக்ஸ் முகவரிக்கு அனுப்புகிறார். சர்வர் அந்தக் கோப்பைத் தானே திறந்து, படமாக மாற்றி, லைனில் விடுகிறது. கோப்பைத் திறப்பது சர்வரில் போட்டிருக்கும் ஆஃபீஸ். 2012 ஆர்2-இல் ஓடக்கூடிய கடைசி ஆஃபீஸ் 2016, அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. யாரோ அனுப்பிய இணைப்பை, பேட்ச் இல்லாத ஆஃபீஸில், பேட்ச் இல்லாத விண்டோஸின் மேல், மனிதக் கண் படாமல் தானாகத் திறக்கிற வேலையை அந்த சர்வர் நாள் முழுக்கச் செய்கிறது. அலுவலகத்தில் வேறெந்த சர்வரும் இதைச் செய்வதில்லை.

இன்னொன்று, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலர். பெரும்பாலான ஃபேக்ஸ் மென்பொருள்கள் பணியாளரின் கணினியில் ஒரு பிரிண்டராகத்தான் தெரியும், பிரிண்ட் கொடுத்தால் ஃபேக்ஸ் போகும். அதனால் சர்வரில் ஸ்பூலர் ஓடியே ஆக வேண்டும். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, தேவையில்லாத சர்வர்களில் எல்லாம் ஸ்பூலரை நிறுத்துங்கள் என்றார்கள். ஃபேக்ஸ் சர்வரில் நிறுத்த வழியில்லை. அன்றைக்கு 2012 ஆர்2-க்கும் பேட்ச் வந்துவிட்டது. அடுத்து அப்படி ஒன்று வந்தால், காசு கட்டாதவருக்கு வராது.

அமெரிக்க வேலை பார்ப்பவர்களுக்கு, நோயாளிகளின் தகவலைப் பாதுகாக்கும் அந்நாட்டு ஹிப்பா சட்டமும் இருக்கிறது. ஆதரவு முடிந்த ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருந்தாலே குற்றம் என்று அது சொல்லவில்லை. எந்த விண்டோஸ் வேண்டும் என்று அதில் எழுதவில்லை என்றும், ஆனால் தெரிந்த ஓட்டைகளை அபாய மதிப்பீட்டில் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் அந்நாட்டு சுகாதாரத் துறையே விளக்கியிருக்கிறது. அதாவது, கிளையன்ட் ஆடிட் கேட்கும் நாளில் 2012 ஆர்2 ஏன் இன்னும் இருக்கிறது, அதைச் சுற்றி என்ன வேலி போட்டிருக்கிறீர்கள் என்று எழுத்தில் காட்ட வேண்டியிருக்கும். 2013 முதல் பில்லிங் நிறுவனங்கள் போன்று மருத்துவமனைகளுக்காக வேலை பார்க்கும் வெளி நிறுவனங்களுக்கும் அந்தச் சட்டத்தின் பொறுப்பு நேரடியாக உண்டு.

மின்னஞ்சல் பக்கம் தொந்தரவு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. வந்த ஃபேக்ஸை மெயிலில் தள்ளிவிடும் பழைய மென்பொருள்கள் டி.எல்.எஸ். என்ற குறியாக்க முறையின் 1.0 பதிப்பில் பேசிப் பழகியவை. மைக்ரோசாஃப்ட் 365 அதையும் 1.1-ஐயும் கைவிட்டுவிட்டது. 2012 ஆர்2-க்கு 1.2 தெரியும், ஆனால் மேலே ஓடும் பழைய மென்பொருளை அதற்குப் பழக்க, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும். 2022-இல் 1.3 வரை இயல்பாகவே திறந்திருக்கிறது.

வழிகளை நிறுத்துப் பார்த்தால்

முதல் வழி, இருப்பதை அப்படியே விடுவது. தூத்துக்குடி ஏஜென்சிக்கு என் சிபாரிசு இதுதான். அங்கே லைன் செம்புக் கம்பியில் வந்து பழைய பி.சி.ஐ. கார்டில் நுழைகிறது. அந்த வகை ஸ்லாட் இப்போது வரும் சர்வர்களில் இல்லை. ஆகவே விண்டோஸை மாற்றப் போனால் பெட்டியையும் கார்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வரும் ஃபேக்ஸோ வருடத்துக்கு வருடம் குறைகிறது. அதற்கு இவ்வளவு செலவு தேவையில்லை. சர்வரை மற்ற கணினிகளிலிருந்து பிரித்து, தனி வி-லேனில் (நெட்வொர்க்கின் தனிப் பகுதி) ஒதுக்குங்கள், இன்டர்நெட்டை வெட்டுங்கள், மெயிலிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பும் வசதியை நிறுத்துங்கள், வரும் ஃபேக்ஸை வாங்க மட்டும் வையுங்கள். பெட்டி பழுதாகும் அன்று ஒரு சாதாரண ஃபேக்ஸ் மெஷினை அந்த லைனில் மாட்டிக்கொள்ளலாம். கூடுதல் பேட்சுக்கு இங்கே காசு கட்டுவது வீண். பில்லிங் அலுவலகத்தில் மட்டும், வேறு சர்வருக்கு மாறி முடிக்கும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடாக அதை வாங்கலாம்.

இரண்டாவது, அதே பெட்டியில், இருக்கும் விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றுவது. கேட்க மலிவாக இருக்கும். 2025 பதிப்பு 2012 ஆர்2-இலிருந்து நேராகத் தாவ விடுகிறது. 2022-க்குப் போவதானால் 2019-இல் ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். செட்டப் நிரல் நன்றாகவே வேலை செய்கிறது, விண்டோஸ் ஏறிவிடும். பிரச்சினை அதன் மேல் இருப்பவற்றில். கார்டின் டிரைவர் புதிய பதிப்புக்கு உண்டா என்பது தயாரிப்பாளரைக் கேட்டால்தான் தெரியும், பல பழைய கார்டுகளுக்கு இல்லை. விண்டோஸ் சர்வரிலேயே இருக்கும் ஐ.ஐ.எஸ். எஸ்.எம்.டி.பி. என்ற மெயில் சேவையை நம்பி மெயில் அனுப்பும் ஃபேக்ஸ் மென்பொருள்கள் உண்டு. அந்தச் சேவையை 2025-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்தே விட்டது. மேலே ஏற்றிய மறுநாள் ஃபேக்ஸ் வரும், ஆனால் ஒருவருடைய மெயிலுக்கும் போய்ச் சேராது. ஃபேக்ஸ் மென்பொருளுக்குக் கீழே டேட்டாபேஸாக உள்ள எஸ்.கியூ.எல். சர்வரின் பதிப்பையும் பார்க்க வேண்டும். அதன் 2014 பதிப்புக்கு 2024 ஜூலையிலேயே ஆதரவு முடிந்துவிட்டது, 2016-க்கு 2026 ஜூலை வரைதான். புதிய விண்டோஸின் மேல் செத்த டேட்டாபேஸை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

சில பில்லிங் அலுவலகங்களின் சர்வர் இங்கே இராது. அமெரிக்கக் கிளையன்ட் இடத்தில் கார்டோடு நிற்கும், இவர்கள் வி.பி.என். வழியே போய் வேலை பார்ப்பார்கள். அந்தப் பெட்டியில் இங்கிருந்தபடி விண்டோஸை மேலேற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடுவில் ரீபூட் ஆகி எழுந்திருக்காவிட்டால் அங்கே பவர் பட்டனை அழுத்த ஆள் இல்லை. சர்வர் ஏற்கெனவே விர்ச்சுவல் மெஷினாக (ஒரு பெட்டிக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினி) இருந்து, நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்வதானால் மட்டும் இந்த வழியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, புதிய விர்ச்சுவல் மெஷினில் புதிய விண்டோஸ் போட்டு, கார்டைக் கைவிட்டு, டி.38 வழியாக ஃபேக்ஸை எடுப்பது. பில்லிங் அலுவலகத்துக்கு நான் சொல்வது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டி.38 என்பது 1998-இல் வந்த சர்வதேசத் தரம். ஃபேக்ஸின் கூவலைப் பேச்சுச் சத்தம்போல இன்டர்நெட்டில் அனுப்பினால் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் பக்கம் கெடும். டி.38 அந்தச் சத்தத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் தரவை மட்டும் அனுப்புகிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய பாக்கெட்டின் நகலையும் சேர்த்து அனுப்ப முடியும் என்பதால் ஒன்றிரண்டு தொலைந்தாலும் பக்கம் முழுதாக வந்து சேரும். இப்போதைய பெரிய ஃபேக்ஸ் மென்பொருள்களில் இது கார்டே இல்லாமல் மென்பொருளாகவே ஓடுகிறது. கார்டு போய்விட்டால் சர்வரைக் கட்டிவைக்க எதுவும் இல்லை. அது வெறும் கோப்பு. நகல் எடுக்கலாம், வேறு பெட்டியில் எழுப்பலாம், வேறு ஊருக்கே கொண்டுபோகலாம்.

இதன் மதிப்பு நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பொங்கி ஜங்ஷன் பகுதியும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகமும் தண்ணீரில் நின்றன. கார்டு பூட்டிய சர்வர் தரைத்தளத்தில் இருந்தால், தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. தூக்கினாலும் லைன் அதோடு வராது. விர்ச்சுவல் மெஷினாக இருந்து அதன் பிரதி மதுரையிலோ கிளவுடிலோ ஒத்திசைந்துகொண்டிருந்தால், அங்கே அதை எழுப்பி ட்ரங்கை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். அமெரிக்காவில் இருக்கும் டாக்டருக்கு நம் ஊர் வெள்ளம் தெரியாது, அவருடைய மேல்முறையீட்டுக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கெடு அன்றைக்கே முடியலாம். இந்த மாற்றத்துக்குப் பணம் போடச் சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இணையாக ஓட்டிப் பார்க்கும் வசதியும் இதில்தான் உண்டு. பழைய சர்வர் தன் எண்களோடு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதியதற்கு ஒரு சோதனை எண் வாங்கி, ஒவ்வொரு துறையின் எண்ணாகப் பொறுமையாக மாற்றலாம்.

2022-ஆ, 2025-ஆ? உங்கள் ஃபேக்ஸ் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் 2025 எழுத்தில் இருந்தால் 2025. இல்லாவிட்டால் 2022. இரண்டு நிலையிலும் 2025 லைசென்ஸையே வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு முந்தைய பதிப்பை ஓட்ட உரிமை உண்டு. சர்வரைப் பயன்படுத்தும் பணியாளர்களுக்கான கால் (CAL) லைசென்ஸும் 2025-க்கே வாங்கினால் பின்னால் மறுபடி வாங்க வேண்டாம். பழைய 2012 கால் லைசென்ஸ் புதியதற்குச் செல்லாது என்பதைப் பலர் பட்ஜெட் போடும்போது மறந்துவிடுகிறார்கள். ஸ்டாண்டர்டு பதிப்பில் ஒரு லைசென்ஸுக்கு இரண்டு விர்ச்சுவல் மெஷின் வைத்துக்கொள்ளலாம்.

தடுக்கி விழக்கூடிய இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்து சர்வர் ஃபோல்டரில் போடுகிறவர்கள் கவனம்: 2019 பதிப்பு முதலே எஸ்.எம்.பி. 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை இயல்பாக நிறுவப்படுவதில்லை, அது மட்டுமே தெரிந்த மெஷின் முதல் நாளே நின்றுவிடும். எஸ்.எம்.பி. 1-ஐத் திரும்பத் திறந்துவிடாதீர்கள். மெஷினின் ஃபர்ம்வேரை மாற்றுங்கள், முடியாவிட்டால் மெயிலுக்கு ஸ்கேன் செய்யுங்கள். அடுத்தது லைசென்ஸ். பல ஃபேக்ஸ் மென்பொருள்களின் உரிமம் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியோடு கட்டப்பட்டது, ஆகவே புதிய மெஷினுக்கு மாற்றித்தரத் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தால் அங்கே ஒரு தொகை நிற்கும். மூன்றாவது, ட்ரங்க் தருகிற நிறுவனம். டி.38 உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு பக்கம் அனுப்பிப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். முப்பது, நாற்பது பக்கக் கோப்பை, வெவ்வேறு இன்சூரன்ஸ் எண்களுக்கு, அமெரிக்காவின் காலை நெரிசல் நேரத்தில் அனுப்பிப் பாருங்கள். நீண்ட ஃபேக்ஸ்தான் நடுவில் அறும். ஃபயர்வாலில், இன்டர்நெட் போன் அழைப்புகளின் பாக்கெட்டுகளைத் திருத்தும் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற வசதி திறந்திருந்தால் முதலில் அதை மூடிவிட்டுச் சோதியுங்கள். இன்டர்நெட்டும் இரண்டு வேறு நிறுவனங்களிடமிருந்து வேண்டும், ஒரே இழை அறுந்தால் எல்லா எண்ணும் ஒரே நேரத்தில் ஊமையாகும்.

நான்காவது லினக்ஸ். சிலிக்கான் கிராஃபிக்ஸில் பிறந்த ஹைலாஃபேக்ஸ் இன்றும் உறுதியாக ஓடுகிற மென்பொருள். ஆஸ்டெரிஸ்க் என்ற டெலிபோன் மென்பொருளோடு சேர்த்தால் டி.38-உம் கிடைக்கும். லைசென்ஸ் காசு, கால் லைசென்ஸ் தொல்லை எதுவும் இல்லை. கணக்கைப் பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு ஃபேக்ஸ் நின்றால் லாகைப் படித்துப் புரிந்துகொள்கிற ஆள் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் தயங்காமல் இதை எடுங்கள். வெளியாளை நம்பி என்றால் வேண்டாம். ஏற்கெனவே சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில் இதை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் ஆயுள் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. விண்டோஸ் 2012-ஐப் பற்றி மேலே சொன்னதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

ஐந்தாவது, சர்வரே வேண்டாம் என்று ஆன்லைன் ஃபேக்ஸ் சேவைக்குப் போவது. சின்ன அலுவலகத்துக்கு, நாளுக்குச் சில டஜன் பக்கங்கள்தான் என்றால், இதுவே சரி. பேட்ச், யு.பி.எஸ்., வெள்ளம் எதுவும் உங்கள் தலைவலி அல்ல. பக்கக் கணக்குக்குக் காசு என்பதால் பக்கம் கூடக்கூடச் சர்வரே மலிவாகிவிடும். கையெழுத்திடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நோயாளிகளின் தகவலைக் காப்பதாக உறுதி தரும் ஹிப்பா துணை ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்திடுவார்களா? விலகும்போது எண்ணை நீங்கள் எடுத்துச்செல்ல முடியுமா? மருத்துவர்களின் லெட்டர்பேடில் பல வருடமாக அச்சாகிவரும் எண் அது. அதைப் பணயம் வைக்க முடியாது.

மாற்றும் நேரம்

பில்லிங் அலுவலகம் மூன்றாவது வழியை எடுத்தால், எண்களை மாற்ற ஏற்ற இடைவெளி நமக்கு இயல்பாகவே கிடைக்கிறது. கலிஃபோர்னியாவில் வெள்ளி மாலை 5 மணி ஆகும்போது இங்கே சனி அதிகாலை 5.30, அவர்களின் குளிர்காலத்தில் 6.30. நியூயார்க்கில் திங்கள் காலை 8 மணி என்பது இங்கே திங்கள் மாலை 5.30 அல்லது 6.30. ஆக, சனி விடியலிலிருந்து திங்கள் மாலை வரை ஃபேக்ஸ் வரத்து மிகக் குறைவு. அந்தச் சனிக்கிழமை உங்கள் துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று செய்தித்தாளில் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பர், டிசம்பரையும் தவிர்த்துவிடுங்கள்.

பழைய சர்வரை உடனே அணைக்க வேண்டாம். ஒரு மாத பில்லிங் சுற்று முழுவதும் முடியும் வரை அதை நெட்வொர்க்கிலிருந்து ஒதுக்கி, ஓடும் நிலையிலேயே வையுங்கள். அதிலுள்ள பழைய ஃபேக்ஸ் படங்களும் அனுப்பிய பதிவேடும் வேறு இடத்தில் திறந்து படிக்கும்படி இருக்கின்றனவா என்று ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். மேல்முறையீட்டுத் தகராறில் "இன்ன தேதியில், இத்தனை மணிக்கு அனுப்பினோம்" என்று காட்டும் ஒரே சான்று அந்தப் பதிவேடுதான். அது பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு பழைய டிஸ்க்கை அழித்துவிடலாம்.